முடிச்சில்லாத நூல்

எங்கள் மலையில் குரோஷா ஊசி பிடிக்கத் தெரியாத பெண் நான் ஒருத்திதான். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நான் கீழே செஷின் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தப் பெஸ்கிட் மலைக்கு ஏறி வந்து தலை நரைத்த பிறகும் இவர்களுக்கு நான் இன்னும் 'கீழூர்க்காரி'தான். மாடு கறந்துவிட்டு உட்கார்ந்தால் பின்னல், உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் பின்னல், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பின்னல். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என்னிடம் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. அவர்கள் பர்ஸ் பின்னிக் கொண்டுவருவார்கள், நான் உள்ளே லைனிங் வைத்து, மேலே கிளிப் வாய் பொருத்திக் கொடுப்பேன். பின்னலைப் பார்த்து ஆகா ஓகோ என்பவர்கள் லைனிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. போகட்டும்.

அந்த வியாழக்கிழமை புரோன்கா வந்தபோது மூடுபனியில் அவள் தலைக்குட்டை மட்டும்தான் முதலில் தெரிந்தது, அவ்வளவு நெட்டை. அக்டோபர் மாதம். தோட்டத்துக் கிழங்கு பாதி மண்ணுக்குள் இருக்க, ஊரே அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு அலைந்துகொண்டிருந்தது. அவளுடைய ஒரே மகள் யூஸ்தினாவுக்குச் சனிக்கிழமை காலை கல்யாணம்.

"அக்கா, கதவைத் திற. இது நாளைக்குள்ள வேணும்."

"நாளைக்குள்ளயா? உனக்கு மூளை இருக்கா? ஒரு மாசமா என்ன பண்ணிட்டிருந்த?"

"பூ முடியணும்ல. அவங்க கடைசிப் பூவை நேத்துத்தான் போட்டாங்க."

மடியிலிருந்து ஒரு துண்டைப் பிரித்து, கல்யாணப்பெண் கையில் பிடிக்கும் பர்ஸுக்கான பின்னலை எடுத்து மேஜையில் வைத்தாள். எத்தனையோ பர்ஸ் என் கையில் வந்து போயிருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை. விரல் நகம் அளவு பூக்கள், நடுவில் ஒரு பெரிய ரோஜா, சுற்றிலும் இலைகள். கஞ்சியில் முக்கி விறைக்க வைத்திருந்தார்கள்.

'அவங்க' என்றது தெக்லாவை. புரோன்காவின் நாத்தனார், கல்யாணமே செய்துகொள்ளாதவள், அதே வீட்டில் பின்பக்க அறையில் இருக்கிறாள். மலையில் அவளைப்போலப் பூப் போட ஆளில்லை. ஆனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. புரோன்காவின் புருஷன் யூரா மரம் வெட்டும் இடத்தில் அடிபட்டுச் செத்தான். அடுத்த வசந்தத்தில் புரோன்கா அவனுடைய ஆட்டு மந்தையை விற்றுவிட்டாள், தெக்லாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அது தெக்லாவின் தகப்பன் காலத்து மந்தை. அன்றைக்கு நின்ற பேச்சுதான். ஒரே அடுப்பு, ஒரே மேஜை. தெக்லாவுக்கு உப்பு வேண்டுமென்றால் பூனையிடம் சொல்வாள்: "ஏ பூனை, இந்த வீட்டுல உப்புன்னு ஒண்ணு இருந்துச்சே, அதையும் வித்தாச்சா?" புரோன்கா உப்பு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு அடுப்பிடம் பதில் சொல்வாள்.

இந்தப் பர்ஸையும் அப்படித்தான் செய்தார்கள். தெக்லா பூக்களைப் பின்னிக் காலையில் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போவாள். புரோன்கா அவற்றை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னுவாள். எந்தப் பூ எங்கே என்று ஒரு பேச்சு கிடையாது. பிடிக்காவிட்டால் தெக்லா அந்த இடத்தில் ஒரு பட்டாணி வைத்துவிட்டுப் போவாளாம். புரோன்கா பிரித்து மறுபடி சேர்ப்பாள். எனக்கு இவர்களைப் பார்த்தால் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் இரண்டு பேரையும் சேர்த்து நாலு சாத்தலாம் என்று வரும்.

"லைனிங்குக்கு மஞ்சள் துணி வாங்கிக் கொடுத்தேனே, அது எங்க?" என்றேன்.

"வச்சுப் பாத்தேன் அக்கா. பூவே தெரியல. கஞ்சி குடிச்ச வாய் மாதிரி இருக்கு. இதைப் பாரு."

நீலப் பட்டு. கனமான, நல்ல பட்டு. பின்னலுக்கு அடியில் அவள் அதை நுழைத்ததும் ஒவ்வொரு இதழும் தனித்தனியாக எழுந்து நின்றது.

"எங்கடி பிடிச்ச இதை?"

"பரண்ல, மாவுப் பைக்குள்ள சுருட்டிக் கெடந்துச்சு. மாமியார் காலத்துத் துணியா இருக்கும். யாரோ பாவாடை மேல கட்டற ஏப்ரனுக்கு வெட்டிட்டுப் பாதியில விட்டுட்டாங்க. ஓரம்கூட மடிக்கல."

"நல்லா இருக்கு. ஆனா தெக்லாவுக்குப் பிடிக்குமா?"

புரோன்கா உட்கார்ந்தாள். "பிடிக்கணும் அக்கா. யூரா இல்ல. வீட்டை விட்டுக் கிளம்பறப்ப அவன் இடத்துல நின்னு புனித நீர் தெளிச்சு ஆசி சொல்ல வேண்டியது அவங்கதான். யூஸ்தினா ஒரே பிடிவாதம். அத்தை ஆசி இல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா. அவங்களும் இதுவரைக்கும் மாட்டேன்னு சொல்லல. பூவைத் தட்டுல வைக்கறப்ப இப்பல்லாம் என்னை ஒரு பார்வை வேற பாக்கறாங்க. சனிக்கிழமை மட்டும் அவங்க அந்த ரூமை விட்டு வெளிய வந்து நின்னாப் போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்."

அவள் போனதும் வேலையில் உட்கார்ந்தேன். பட்டை விரித்தால் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. இடுப்புப் பக்கம் ஒரு ஓட்டுத் தையல் இருந்தது. நூல் முனையைத் தொட்டதும் அது சரசரவென்று முழுசாகக் கையோடு வந்துவிட்டது. எந்தச் சோம்பேறி தைத்தாளோ என்று திட்டினேன். வட்டமாக இரண்டு வெட்டி, உள்பக்கம் வெளியே வரத் தைத்து, அப்படியே பின்னலுக்குள் இறக்கி, ஒவ்வொரு பூவின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத தையல் ஒன்று போட்டேன். இல்லாவிட்டால் லைனிங் உள்ளே சுருண்டு மூட்டையாகிவிடும். கிளிப் பொருத்தி மூடியபோது டப்பென்று நல்ல சத்தம். யாரும் பாராட்டப் போவதில்லை என்பதால் நானே என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பர்ஸை எடுத்துக்கொண்டு போனேன். புரோன்கா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. கல்யாணத்து இனிப்பு ரொட்டிகள், பாலாடைக் கட்டி வைத்தவை ஒரு பக்கம், கசகசா வைத்தவை ஒரு பக்கம், அண்டை வீடுகளுக்குக் கொடுக்கத் துணியில் கட்டி வரிசையாக இருந்தன. யூஸ்தினா பர்ஸைப் பார்த்ததும் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஓட்டிலியா பெரியம்மா! நீலம்! அம்மா, இங்க பாரேன், நீலம்!"

கைக்குட்டை, ஜெபமாலை, கட்டிச் சர்க்கரை, ஒரு ரொட்டித் துண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடித் திறந்து மூடித் திறந்து, கண்ணாடியில் காட்டிப் பார்க்க ஓடினாள்.

நான் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சும்மா சொன்னேன்: "உன் மாமியார் தையல்ல இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாது புரோன்கா. நூலைத் தொட்டதும் மொத்தமா கையில வந்துடுச்சு. ஒரு முடிச்சு கிடையாது. ஆரம்பத்துலயும் இல்ல, முடிவுலயும் இல்ல."

புரோன்கா கையிலிருந்த தட்டை வைத்தாள். முகம் மாவைவிட வெளுத்துவிட்டது.

"முடிச்சு இல்லையா?"

"இல்லைங்கறேன்ல."

"எங்கயுமே?"

"ஏண்டி, என்ன ஆச்சு உனக்கு?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, உனக்கு இது தெரியாது, நீ கீழூர்க்காரி. இங்க சாவுக்கு எடுத்து வைக்கிற துணியில முடிச்சுப் போட மாட்டோம். போட்டா போறவங்க போக முடியாம கட்டுண்டு கெடப்பாங்க. ஓரமும் மடிக்க மாட்டோம். அது பாதியில விட்ட துணி இல்ல. அது யாரோ தங்களோட சவப்பெட்டியில போட்டுக்கறதுக்குத் தச்சு வச்ச ஏப்ரன்."

"யாரோன்னா?"

"வேற யாரு? அவங்கதான். போன குளிர்ல நெஞ்சுல சளி கட்டி, பாதிரியாரையே கூட்டிட்டு வந்தோமே, அப்ப தச்சு வச்சிருப்பாங்க. அவங்களோட சவத்துணியை வெட்டி என் பொண்ணு கையில கொடுத்துட்டேன்!"

மிச்ச ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"சரி, பிரிச்சுடலாம்," என்றேன். "நான் உட்கார்ந்து பிரிக்கிறேன்."

"பிரிச்சா பூ அறுந்துடும். கஞ்சி வேற போட்டிருக்கு."

"அப்ப அப்படியே விட்டுடு."

"சவத்துணியோட கோவிலுக்கு அனுப்பறதா? கல்யாணப் பொண்ணை? உனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப பிரிச்சுடறேன்."

"பிரிச்சா ஏன் பிரிச்சீங்கன்னு யூஸ்தினா கேப்பா. அவ கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? நான் எப்ப சாவேன்னு பாத்துட்டிருக்கா, துணியைக்கூட இப்பவே வெட்டிட்டான்னு நினைப்பாங்க. ஆட்டை வித்தா, இப்ப என் சவத்துணியை வெட்டிட்டான்னு."

"அப்ப நீயே போய்ச் சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? பேச்சே இல்லையே! மொத வார்த்தையே இதுவா இருக்கணுமா?"

அவள் சொல்வதெல்லாம் சரியாகவும் இருந்தது, ஒன்றோடு ஒன்று பொருந்தாமலும் இருந்தது. என் பழைய கோட்டின் சாம்பல் உள்துணியை வெட்டிப் போடலாம் என்றேன். கல்யாணத்துக்குச் சாம்பல் ஆகாது என்றாள். கிளிப் சரியில்லை என்று பொய் சொல்லி வாங்கிவிடலாம் என்றேன். யூஸ்தினா அதை இருபது தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டாளே என்றாள். நான் எரிந்துவிழுந்தேன். "அப்ப நான் என்னதான் பண்ணணும், சொல்லேன்!" இரண்டு பேரும் ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தெக்லா. குள்ளமான உருவம், தோளில் கம்பளிச் சால்வை, கையில் ஊசியும் நூலும். பின்னால் யூஸ்தினா பர்ஸை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"அத்தை, உள்ளயும் பாருங்க. எப்படி இருக்கு?"

தெக்லா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்னலைப் பார்த்தாள். "ரோஜாவை நேரா வச்சிருக்கா," என்று பூனையிடம் சொன்னாள். அது அவளிடமிருந்து பெரிய பாராட்டு. பிறகு கிளிப்பைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். விரல் அப்படியே நின்றுவிட்டது. பட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். பர்ஸை யூஸ்தினா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். பின்னறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அத்தைக்குப் பிடிக்கலையாம்மா?" என்றாள் யூஸ்தினா.

"இருமல் வந்திருக்கும்," என்றேன் நான். பொய் சொல்லும்போது என் குரல் எப்போதும் பெரிதாகிவிடும்.

மறுநாள் காலையிலும் கதவு திறக்கவில்லை. காப்பி வைத்துத் தட்டினால் "வேணாம்" என்று மட்டும் உள்ளேயிருந்து வந்தது. மேட்டில் தூறல். மாப்பிள்ளை ஸ்தாஷெக் ஆட்களோடு வந்தாயிற்று. ஃபிடில்காரனும் தோல்பை ஊதுகுழல்காரனும் கூரை விளிம்புக்கு அடியில் நின்று வாத்தியத்துக்கு ஈரம் படாமல் கோட்டுக்குள் பிடித்திருந்தார்கள். முன்னறையில் தரையில் தலையணை போட்டிருந்தது. அதன்மேல் யூஸ்தினாவும் ஸ்தாஷெக்கும் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். சொன்னபடியே அவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். முட்டி வலிக்கிறது என்று ஸ்தாஷெக் முனகினான். "கல்யாணம் பண்ணிக்கிட்டா இன்னும் வலிக்கும், பழகிக்க," என்றாள் அவன் அத்தைக்காரி ஒருத்தி.

புரோன்கா என்னை இழுத்துக்கொண்டு பின்னறைக் கதவுக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை, நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி," என்றாள்.

உள்ளே எதுவோ கீழே விழுந்தது.

"அண்ணி, தெரியாம வெட்டிட்டேன். பரண்ல மாவுப் பைக்குள்ள இருந்துச்சு. சத்தியமா மாமியார் துணின்னுதான் நினைச்சேன். நீங்க சாகணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. கோபத்துல கெழவின்னு திட்டியிருக்கேன். சாகணும்னு நினைச்சதில்ல. வேற பட்டு வாங்கித் தர்றேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, பொண்ணு மண்டி போட்டுக் காத்துட்டிருக்கா, வெளிய வாங்க."

தாழ்ப்பாள் நகர்ந்தது. தெக்லா விழா உடுப்பில் நின்றாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, தலையில் பின்னல் வைத்த தொப்பி. எல்லாம் தயாராகத்தான் இருந்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

"யார் துணியை வெட்டினன்னு சொல்ற?" என்று கேட்டாள். புரோன்காவைப் பார்த்தே கேட்டாள்.

"உங்க துணியை."

"என் துணி அந்தா இருக்கு."

கட்டில் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதில் பாவாடை, சட்டை, காலுறை, மடித்த நீல ஏப்ரன். ஒன்றும் குறையவில்லை. நானும் புரோன்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வியாழக்கிழமை பட்டு நீளமாகப் போய்க்கொண்டே இருந்ததே! தெக்லா என் தோளுக்குக்கூட வரமாட்டாள். அந்த ஏப்ரனைக் கட்டினால் அவள் காலுக்கடியில் இழுபடும்.

"அது தெக்லாக்கா அளவே இல்ல புரோன்கா," என்றேன். "நெட்டையான பொம்பளை அளவு."

அந்த வீட்டில் நெட்டையான பொம்பளை ஒருத்திதான்.

தெக்லா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான் மாவுப் பைக்குள்ள வச்சேன். உயிரோட இருக்கிற இன்னொருத்திக்குச் சாவுத்துணி தைச்சு வச்சிருக்கா, அவ சாவணும்னு காத்துட்டிருக்கான்னுதானே ஊர் சொல்லும். நேத்துப் பர்ஸுக்குள்ள பாத்ததும் உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். வேணும்னே வெட்டி எனக்குக் காட்டறன்னு நினைச்சேன். எந்த மூஞ்சியோட நான் வெளிய வந்து ஆசி சொல்றது?"

"எனக்கா?" என்றாள் புரோன்கா. "எனக்கா தச்சீங்க? எதுக்கு?"

"எதுக்கா? நான் முன்னாடி போனா நீ எனக்கு உடுத்திவிடுவ. பேசாமயே உடுத்திவிடுவ, அது எனக்குத் தெரியும். நீ முன்னாடி போயிட்டா? பொண்ணு மாப்பிள்ளையோட மலையிறங்கிப் போயிடுவா. ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுக்கிறியே, உனக்குன்னு ஒரு துணி எடுத்து வச்சியா? அந்த நேரத்துல நான் அழுதுட்டே எங்க போய்ப் பட்டு தேடுவேன்?"

"அப்ப நான்தான் முன்னாடி போவேன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"பாத்தியா, பாத்தியா! இப்படித்தான் பேசுவன்னு தெரியும். இதுக்குத்தான் மறைச்சேன்!"

புரோன்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. தலைக்குட்டை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப அந்தப் பர்ஸை என்ன பண்றது அண்ணி? என் சவத்துணியோட அவளைக் கோவிலுக்கு அனுப்பலாமா?"

தெக்லா என் பக்கம் திரும்பினாள். "கீழூர்க்காரி, லைனிங் வச்சப்ப முடிச்சுப் போட்டியா?"

"போடாம? என் தையல் பிரிஞ்சு யாராவது பாத்திருக்காங்களா? பூவுக்கு அடியில எல்லாம் ரெண்டு ரெண்டு முடிச்சு."

"அப்ப அது உயிரோட இருக்கிறவங்க துணிதான். எடுத்துட்டுப் போகட்டும்."

"நிஜமாவா?" என்றாள் புரோன்கா.

"எனக்கென்ன தெரியும்? பாதிரியாரைக் கேட்டுட்டு வர நேரமா இருக்கு? நகரு."

முன்னறைக்கு வந்தாள். கிண்ணத்துப் புனித நீரில் இலைக்கொத்தை முக்கி இருவர் தலையிலும் தெளித்து, நெற்றியில் சிலுவை வரைந்து, யூராவின் பேரைச் சொல்லி ஆசி சொன்னாள். யூஸ்தினா பர்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஸ்தாஷெக் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். வெளியே ஃபிடில்காரன் தந்தியை இழுத்துப் பார்த்தான். எல்லாரும் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

அப்போது புரோன்கா போய் அந்தத் தலையணை மேல் மண்டியிட்டாள்.

இது எந்த வழக்கத்திலும் இல்லாதது. தாய் மண்டியிட்டு நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. எல்லாரும் அப்படியே நின்றார்கள். "அம்மா, நீ எதுக்கு?" என்றாள் யூஸ்தினா. தெக்லா கிண்ணத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

"ஆட்டை உங்களைக் கேட்காம வித்துட்டேன் அண்ணி," என்றாள் புரோன்கா. "சாயங்காலம் ஆனா எல்லாம் வேலிகிட்ட வந்து நின்னு யூராவைத் தேடிக் கத்தும். எனக்குக் கேட்க முடியல. அதான் வித்தேன்."

தெக்லாவின் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்தது. தண்ணீர் புரோன்காவின் பாவாடை மேல் கொட்டியது.

"எனக்கும்தாண்டி கேட்க முடியல," என்றாள். "நான் காதுல பஞ்சு வச்சுட்டுப் படுத்திருந்தேன்."

கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததில் விரலை நனைத்துப் புரோன்காவின் நெற்றியில் சிலுவை போட்டாள். போட்டது கோணலாகிவிட்டது. மறுபடி ஒரு தடவை போட்டாள்.

"எழுந்திரு கழுதை, பாவாடையெல்லாம் நனையுது," என்றாள். "என் கையைப் பிடிச்சுக்க. படி வழுக்கும்."